விசாரணைக்கு முன்பே வாங்கப்படும் மன்னிப்பு

தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் படித்த பலருக்கு அந்தக் கடிதத்தின் வடிவம் மனப்பாடம். ஒரு முழு வெள்ளைத்தாள். மேலே அனுப்புநர், பெறுநர். அடுத்து 'மதிப்பிற்குரிய ஐயா'. அதன் கீழ் நான்கைந்து வரிகள். இன்ன தேதியில் இன்ன தவறைச் செய்துவிட்டேன், அதற்காக வருந்துகிறேன், இனி இப்படி நடக்க மாட்டேன், மீறி நடந்தால் நிர்வாகம் எடுக்கும் எந்த நடவடிக்கைக்கும் கட்டுப்படுகிறேன். கடைசியில் மாணவரின் கையெழுத்து, பெற்றோரின் கையெழுத்து அல்லது கைநாட்டு, வகுப்பு ஆசிரியர், துறைத்தலைவர், முதல்வர் என்று வரிசையாகக் கையொப்பங்கள். பல இடங்களில் வாசகத்தை ஆசிரியரே சொல்லச் சொல்ல மாணவர் எழுதுவார். எழுதித் தரும்வரை வகுப்புக்குள் விடமாட்டார்கள்.

'அப்பாலஜி லெட்டர்' கொடுத்தாகிவிட்டது என்றால் விஷயம் முடிந்துவிட்டது என்று மாணவரும் பெற்றோரும் நினைத்துக்கொள்கிறார்கள். அந்தத் தாளோ துறைக் கோப்பில் சேர்கிறது. அடுத்த முறை வராந்தாவில் ஒரு சச்சரவு என்றால் முதலில் வெளியே எடுக்கப்படுவது அதுதான். ஏற்கெனவே ஒருமுறை எழுதிக் கொடுத்தவன்தானே என்ற பேச்சு வந்தபிறகு, இரண்டாவது சம்பவத்தில் அவன் இருந்தானா இல்லையா என்பது பெரிய கேள்வியாக எவருக்கும் தோன்றுவதில்லை.

சட்டத்தின் கண்ணில் அந்தத் தாள் ஓர் ஒப்புதல் வாக்குமூலம். குற்றம் சாட்டியவர் யார், அவர் என்ன பார்த்தார், மாணவர் என்ன பதில் சொன்னார், விசாரித்தவர் எதை நம்பினார், எதை நம்பவில்லை என்பதற்கெல்லாம் கோப்பில் ஒரு வரிகூட இருக்காது. ஒப்புதல் மட்டும் இருக்கும். இந்தியாவில் மாணவர் மீதான ஒழுங்கு நடவடிக்கை எப்படி நடக்கவேண்டும் என்று அறுபது ஆண்டுகளுக்கு மேலாக நீதிமன்றங்கள் சொல்லிவந்திருக்கின்றன. பல்கலைக்கழக மானியக் குழுவின் (யு.ஜி.சி.) விதிமுறைகள் இருக்கின்றன, தமிழ்நாட்டின் சொந்தச் சட்டம் இருக்கிறது. இவை எல்லாம் எழுத்தில் வரும் தண்டனையைத்தான் கட்டுப்படுத்துகின்றன. கல்லூரியின் அன்றாட ஒழுங்கோ எழுத்துக்கு வராத தண்டனைகளால் நடத்தப்படுகிறது. இந்த இடைவெளிதான் இக்கட்டுரையின் பொருள்.

கல்லூரி மாணவரின் நடத்தை இந்த நாட்டில் அரசாங்கத்தின் கவலையாக மாறியது சுதேசி இயக்கக் காலத்தில். 1905 அக்டோபரில் வங்க அரசின் கார்லைல் சுற்றறிக்கை வந்தது. மாணவர்கள் அந்நியப் பொருள் புறக்கணிப்பிலும் மறியலிலும் இறங்கினால் அந்த நிறுவனத்தின் மானியமும் மாணவர்களின் உதவித்தொகைச் சலுகையும் பறிபோகும் என்றது. ஆசிரியர்களையே சிறப்புக் காவலர்களாக நியமிக்க நேரும் என்றும் எச்சரித்தது. 1907 மே மாதம் இந்திய அரசின் உள்துறைச் செயலர் ரிஸ்லியின் பெயரால் அறியப்படும் சுற்றறிக்கை, மாணவர் அரசியலைத் தடுப்பதை நாடு முழுமைக்குமான கொள்கையாக்கியது. அதற்குச் சில வாரங்களுக்கு முன்னர்தான் அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த ராஜமுந்திரியில் பிபின் சந்திர பாலின் பேச்சைக் கேட்ட மாணவர்கள் 'வந்தே மாதரம்' பட்டை அணிந்து கல்லூரிக்குப் போனார்கள். முதல்வர் மார்க் ஹண்டர் அதைச் சகிக்கவில்லை. நீக்கப்பட்டவர்களில் ஒருவர், பின்னாளில் ஆந்திரத்தின் முக்கியப் பத்திரிகையாளராக விளங்கிய காடிசர்ல ஹரிசர்வோத்தம ராவ்.

1916இல் கல்கத்தா மாநிலக் கல்லூரியில் நடந்தது இன்னும் பிரபலம். ஓட்டன் என்ற ஆங்கிலேயப் பேராசிரியர் மாணவர்கள் மீது கைநீட்டினார் என்ற மனத்தாங்கல் வளர்ந்து, கடைசியில் மாணவர்கள் அவரைத் தாக்கினார்கள். அரசு அமைத்த விசாரணைக் குழுவுக்குத் தலைவர், கல்கத்தா பல்கலைக்கழகத்தின் முன்னாள் துணைவேந்தர் ஆசுதோஷ் முகர்ஜி. ஆனால் மாணவர் தரப்பின் தலைவர்களில் ஒருவரான சுபாஷ் சந்திர போஸைக் குழு கூடுவதற்கு முன்பே முதல்வர் ஜேம்ஸ் தன் அறைக்கு அழைத்து, நீதான் இந்தக் கல்லூரியிலேயே பெரிய தொல்லை என்ற பொருள்படச் சொல்லி இடைநீக்கம் செய்துவிட்டார். இதைப் போஸே தன் வரலாற்றில் பதிவு செய்திருக்கிறார். பிறகு கல்லூரியிலிருந்து வெளியேற்றப்பட்ட அவர், மறுபடி படிக்க 1917இல் ஸ்காட்டிஷ் சர்ச் கல்லூரியில் இடம் கிடைக்கும்வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. போஸ் தாக்குதலில் பங்கெடுத்தாரா இல்லையா என்ற விவாதம் இன்றும் உண்டு. எனக்கு முக்கியமாகப் படுவது வரிசை: முதலில் தண்டனை, பிறகு குழு. அந்த வரிசை வெள்ளைக்காரர்களோடு கப்பலேறிப் போய்விடவில்லை.

சுதந்திர இந்தியாவில் இந்த வரிசையை முதன்முதலில் உச்ச நீதிமன்றம் திருத்தியது 1962இல். உத்தரப் பிரதேச இன்டர்மீடியட் தேர்வை 1954இல் எழுதிய மூன்று மாணவர்கள் தேறிவிட்டதாக முடிவு வெளியானது. பிறகு முறைகேடு செய்ததாகச் சொல்லி அந்த முடிவைத் தேர்வு வாரியம் ரத்து செய்தது. அடுத்த ஆண்டுத் தேர்வு எழுதவும் தடை விதித்தது. அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மாணவரைக் கேட்டுவிட்டுத்தான் முடிவெடுக்கவேண்டும் என்று எங்கள் விதியில் இல்லையே என்பது வாரியத்தின் வாதம். கன்ஷ்யாம் தாஸ் குப்தா வழக்கு என்று அறியப்படும் தீர்ப்பில் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. ஒரு மாணவரின் எதிர்காலத்தையே பாதிக்கும் முடிவை எடுக்கும் அமைப்பு, விதியில் எழுதியிருந்தாலும் இல்லாவிட்டாலும், நீதிபதியைப் போல் இருபுறமும் கேட்டுத்தான் முடிவெடுக்கவேண்டும் என்றது. இயற்கை நீதி என்று நம் வழக்கறிஞர்கள் சொல்லும் கோட்பாடு மாணவருக்கும் உரியது என்பது அன்றைக்கு உறுதியானது.

இதற்கு ஓராண்டு முன், 1961இல், அமெரிக்காவிலும் கிட்டத்தட்ட இதே முடிவு வந்திருந்தது. அலபாமா மாநிலத் தலைநகர் மாண்ட்கமரியில், வெள்ளையருக்கு மட்டும் என்றிருந்த நீதிமன்ற வளாகச் சிற்றுண்டிச்சாலையில் 1960 பிப்ரவரி 25 அன்று கருப்பின மாணவர்கள் உட்கார்ந்து உணவு கேட்டார்கள். அலபாமா மாநிலக் கல்லூரியில் படித்த அவர்களில் ஒன்பது பேர் வெளியேற்றப்பட்டார்கள். அனுப்பப்பட்ட கடிதத்தில் எந்தக் குற்றத்துக்காக என்ற தெளிவே இல்லை. கல்லூரிக்குக் கேடு விளைவிக்கும் நடத்தை என்ற, எதையும் உள்ளடக்கக்கூடிய ஒரு விதி நிர்வாகத்தின் கையில் இருந்தது. டிக்ஸன் வழக்கு எனப்படும் அதில் மேல்முறையீட்டு நீதிமன்றம், அரசுக் கல்லூரி ஒரு மாணவரை நீக்குமுன் குற்றச்சாட்டைத் தெரிவிக்கவேண்டும், அவருக்கு எதிராகப் பேசியவர்கள் யார், என்ன சொன்னார்கள் என்று தெரிவிக்கவேண்டும், தன் தரப்பைச் சொல்ல வாய்ப்புத் தரவேண்டும் என்று வகுத்தது. முதல்வர் அறையில் நடக்கும் பேச்சு விசாரணை ஆகாது என்ற கருத்து அதில் அடங்கியிருக்கிறது.

கேட்கவேண்டும் என்பது முடிவானபின், எவ்வளவு கேட்கவேண்டும் என்ற கேள்வி வந்தது. 1968இல் சுரேஷ் கோஷி ஜார்ஜ் என்ற கேரளப் பொறியியல் மாணவரின் வழக்கில், விசாரணை அறிக்கையின் நகலைக் கொடுக்காததாலேயே நடவடிக்கை செல்லாமல் போய்விடாது என்றது உச்ச நீதிமன்றம். இயற்கை நீதியின் அளவு சூழ்நிலைக்கு ஏற்ப மாறும் என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். 1970இல் பீகார் வழக்கு. ஒரு தேர்வு மையம் முழுவதிலும் காப்பியடித்தல் நடந்திருக்கிறது என்று தெரிந்து மொத்தத் தேர்வையும் ரத்து செய்யும்போது, ஒவ்வொரு மாணவரையும் தனித்தனியே அழைத்துக் கேட்கத் தேவையில்லை என்றார்கள். அங்கே குறிப்பிட்ட எவர் மீதும் குற்றம் சுமத்தப்படவில்லை, தேர்வு மட்டுமே மறுபடி நடத்தப்படும் என்பது காரணம். இதில் தவறு காண முடியாது.

1973ஆம் ஆண்டின் ஹிராநாத் மிஸ்ரா வழக்கை நின்று பார்க்கவேண்டும். கல்லூரி நிர்வாகங்கள் இன்றும் நீதிமன்றத்தில் எடுத்துக்காட்டும் தீர்ப்பு அது. ராஞ்சி ராஜேந்திரா மருத்துவக் கல்லூரி. 1972 ஜூனில் ஓர் இரவு சில மாணவர்கள் பெண்கள் விடுதி வளாகத்துக்குள் நுழைந்து மிகக் கேவலமாக நடந்துகொண்டார்கள். மாணவிகள் 36 பேர் கையெழுத்திட்டு முதல்வரிடம் புகார் கொடுத்தார்கள். முதல்வர் மூன்று ஆசிரியர்களைக் கொண்ட குழுவை அமைத்தார். குழு மாணவிகளிடம் தனியே வாக்குமூலம் வாங்கியது. புகாரில் சொல்லப்பட்டவர்களின் புகைப்படங்களை வேறு மாணவர்களின் படங்களோடு கலந்து வைத்து, மாணவிகளை அடையாளம் காட்டச் சொன்னது. குற்றம் சாட்டப்பட்டவர்களை ஒவ்வொருவராக அழைத்து, புகாரின் உள்ளடக்கத்தைச் சொல்லி, புகார் கொடுத்த பெண்களின் பெயரை மட்டும் மறைத்து, அவர்களின் பதிலையும் வாங்கிக்கொண்டது. அதன்பிறகே நான்கு பேர் இரண்டாண்டுகளுக்கு வெளியேற்றப்பட்டார்கள். தங்கள் முன்னிலையில் சாட்சியம் பதியப்படவில்லை, சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்ய விடவில்லை என்று அவர்கள் வழக்காடினார்கள். நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. அந்தப் பெண்களை நேருக்கு நேர் நிறுத்தியிருந்தால் மறுநாள் முதல் அவர்கள் அந்த வளாகத்தில் நடமாட முடியாமல் போயிருக்கும் என்பதை நீதிபதிகள் கணக்கில் எடுத்துக்கொண்டார்கள்.

தீர்ப்பு சரியானது. ஆனால் நிர்வாகங்கள் அதிலிருந்து எடுத்துக்கொண்ட பாடம், குறுக்கு விசாரணை தேவையில்லை என்ற ஒற்றை வரி மட்டும்தான். ராஞ்சிக் குழு என்னென்ன செய்தது என்பதை அவர்கள் படிப்பதே இல்லை. எழுத்தில் புகார் இருந்தது. புகாருக்குத் தொடர்பில்லாத மூவர் விசாரித்தார்கள். அடையாளம் காட்டுவதில் தவறு நேராமல் இருக்கப் படங்களைக் கலந்து வைத்தார்கள். எதிர்த்தரப்பின் விளக்கம் பெறப்பட்டது. ஐம்பது ஆண்டுகளுக்கு முன் ஒரு கல்லூரி எடுத்துக்கொண்ட இந்தச் சிரத்தையில் கால்பங்கு இன்றைய சராசரி ஒழுங்கு நடவடிக்கையில் இருந்தால் இந்தக் கட்டுரைக்கே அவசியம் இருந்திருக்காது.

புகார்தாரரின் பாதுகாப்பையும் குற்றம் சாட்டப்பட்டவரின் உரிமையையும் ஒரே ஏற்பாட்டுக்குள் கொண்டுவர முடியும் என்பதற்கு, பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013ஆம் ஆண்டுச் சட்டமும் அதையொட்டி வந்த யு.ஜி.சி.யின் 2015ஆம் ஆண்டு விதிமுறையும் சான்று. உள்ளகப் புகார்க் குழுவுக்குப் பெண் பேராசிரியர் ஒருவர் தலைவர். மாணவர்கள் சம்பந்தப்பட்ட விவகாரம் என்றால் தேர்ந்தெடுக்கப்பட்ட மூன்று மாணவப் பிரதிநிதிகள் குழுவில் உட்காருவார்கள். நிறுவனத்துக்கு வெளியிலிருந்தும் ஒருவர் இருப்பார். விசாரணைக்குத் தொண்ணூறு நாள் வரம்பு. ராகிங் தவிரக் கல்லூரியின் பிற ஒழுங்கு விவகாரங்கள் எதிலும் இவ்வளவு தெளிவான அமைப்பு கிடையாது.

தமிழ்நாட்டின் பங்களிப்பு ராகிங் சட்டம். அதற்குக் கொடுத்த விலை கொடியது. 1996 நவம்பரில் சிதம்பரம் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியின் முதலாண்டு மாணவர் நாவரசு, மூத்த மாணவர் ஒருவரால் கொலை செய்யப்பட்டார். மாநிலமே உறைந்துபோனது. முதலில் அவசரச் சட்டமும் பிறகு 1997இல் தமிழ்நாடு ராகிங் தடைச் சட்டமும் வந்தன. குற்றத்துக்கு இரண்டாண்டு வரை சிறை, பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம். புகார் வந்ததும் நிறுவனத் தலைவர் உடனே விசாரிக்கவேண்டும், உண்மை என்று தெரிந்தால் மாணவரை இடைநீக்கம் செய்து காவல்துறைக்கு அனுப்பவேண்டும். கண்டுகொள்ளாமல் விட்டால் அவரே குற்றத்துக்கு உடந்தை ஆவார். கொலை வழக்கோ 1998இல் தண்டனை, 2001இல் உயர் நீதிமன்றத்தில் விடுதலை, 2011இல் உச்ச நீதிமன்றத்தில் மறுபடி தண்டனை என்று பதினான்கு ஆண்டுக்கு மேல் இழுத்தது.

2007இல் ராகிங் குறித்த ஆர்.கே. ராகவன் குழுவின் அறிக்கை வந்தது. 2009 மார்ச்சில் இமாச்சலத்தின் டாண்டா மருத்துவக் கல்லூரியில் அமன் கச்ரு என்ற மாணவர் ராகிங்கில் அடிபட்டு இறந்தார். அதே ஆண்டு யு.ஜி.சி. கொண்டுவந்த விதிமுறைதான் இன்று இந்தியக் கல்லூரிகளின் ஒழுங்கு ஏற்பாடுகளிலேயே மிக விரிவானது. வகுப்பிலிருந்து தற்காலிக நீக்கம், உதவித்தொகை நிறுத்தம், தேர்வுத் தடை, விடுதியிலிருந்து வெளியேற்றம், ஒன்று முதல் நான்கு பருவங்கள் வரை நீக்கம், நிரந்தர வெளியேற்றம் எனத் தண்டனைகள் படிப்படியாக வகுக்கப்பட்டிருக்கின்றன. மேல்முறையீட்டுக்கு வழி இருக்கிறது. காவல்துறையில் புகார் பதிய இருபத்து நான்கு மணி நேரக் கெடு. ஒவ்வோர் ஆண்டும் மாணவரும் பெற்றோரும் கையெழுத்திடும் உறுதிமொழியும் இதிலிருந்து வந்ததுதான்.

இந்த விதிமுறையில் நான் ஏற்க முடியாத ஓர் இடம் உண்டு. செய்தவர் யாரென்று அடையாளம் தெரியாவிட்டால் கூட்டுத் தண்டனை தரவேண்டும் என்கிறது அது. ஒருவரை ஒருவர் காட்டிக்கொடுக்க வைக்கும் உத்தி என்று இதை நியாயப்படுத்துவார்கள். விடுதியில் அந்த இரவு தூங்கிக்கொண்டிருந்தவனும், பயத்தில் வாய் திறக்காதவனும், அடித்தவனும் ஒரே தண்டனையைப் பெறுவது நியாயமாகாது. விசாரணையில் தோற்ற நிர்வாகம் தன் தோல்விக்கான கட்டணத்தை மாணவர்களிடம் வசூலிக்கிறது என்றுதான் சொல்லவேண்டும். ராகிங்கை மனதார வெறுப்பவர்களும் இதை எதிர்க்கவேண்டும்.

விசாரணை முறை ஒருபக்கம் இருக்க, விதிகளே எப்படி எழுதப்பட்டிருக்கின்றன? சேர்க்கை நாளில் தரும் கையேட்டின் பின்பக்கங்களைப் புரட்டினால், அடையாள அட்டை அணிவது, வருகைப்பதிவு, செல்பேசி, உடை என்று வரிசையாக வந்து, கடைசியில் பெரும்பாலும் ஒரு பொது விதி இருக்கும்: கல்லூரியின் நற்பெயருக்குக் களங்கம் விளைவிக்கும் எந்தச் செயலும் தண்டனைக்குரியது. அலபாமாவில் ஒன்பது மாணவர்களை வெளியேற்றப் பயன்பட்ட வாசகத்துக்கும் இதற்கும் பெரிய தூரம் இல்லை. உணவகச் சாம்பாரில் புழு கிடந்ததைப் படம் எடுத்துப் போட்டால் களங்கம். கட்டண உயர்வுக்கு எதிராக வாயிலில் உட்கார்ந்தால் களங்கம். மாணவனும் மாணவியும் மரத்தடியில் பேசினால் அதுவும். எது தவறு என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ள முடியாத விதியை ஒருவன் எப்படிக் கடைப்பிடிப்பான்?

விதியே தவறாக இருக்கலாம் என்பதை 2019இல் கேரள உயர் நீதிமன்றம் காட்டியது. கோழிக்கோடு அருகே சேளன்னூர் ஸ்ரீநாராயணகுரு கல்லூரியின் பெண்கள் விடுதியில் மாலை ஆறு முதல் இரவு பத்து வரை செல்பேசி வைத்திருக்கக் கூடாது என்று விதி. இளங்கலை ஆங்கிலம் படித்த ஒரு மாணவி, பாடத்துக்கே செல்பேசி தேவைப்படுகிறது, என்னால் ஒப்படைக்க முடியாது என்று மறுத்தார். விடுதியை விட்டு வெளியேற்றப்பட்டார். இணைய வசதி கல்வி உரிமையோடும் அந்தரங்க உரிமையோடும் பிணைந்தது என்று சொல்லி, அவரை மறுபடி சேர்த்துக்கொள்ள நீதிபதி பி.வி. ஆஷா உத்தரவிட்டார். பதினெட்டு வயது தாண்டிய பெண் என்பது அந்த வழக்கில் கவனிக்கத்தக்க செய்தி. கல்லூரி மாணவர் சட்டப்படி வயது வந்தவர். வாக்களிக்கிறார், ஒப்பந்தத்தில் கையெழுத்திடுகிறார். கல்லூரி வாசலுக்குள் மட்டும் 'அப்பாவைக் கூட்டிட்டு வா' என்ற வார்த்தைக்குக் கீழ்ப்பட்ட பிள்ளையாகிவிடுகிறார்.

புகார் எங்கிருந்து வருகிறது என்பதும் முறையைச் சேர்ந்ததே. 2015 மே மாதம் சென்னை ஐ.ஐ.டி.யில் அம்பேத்கர்–பெரியார் வாசகர் வட்டத்தின் அங்கீகாரம் திரும்பப் பெறப்பட்டது. தொடக்கம், மத்திய மனிதவள அமைச்சகத்துக்குப் போன ஒரு மொட்டைக் கடிதம். அமைச்சகம் அதைக் கருத்துக் கேட்டு ஐ.ஐ.டி.க்கு அனுப்பியது. தங்களுக்கு விளக்கம் சொல்ல வாய்ப்பே தரப்படவில்லை என்றார்கள் மாணவர்கள். நாடெங்கும் எழுந்த கண்டனத்துக்குப் பிறகு ஜூன் 7 அன்று அங்கீகாரம் திரும்பக் கிடைத்தது. மொட்டைக் கடிதத்தை வைத்து ஓர் அரசு ஊழியரின் இன்கிரிமென்ட்டைத் தொட்டுவிட்டாலே சங்கம் கேள்வி கேட்கும். மாணவருக்கு அப்படிக் கேட்க யாரும் இல்லாததால்தான் தெருவும் பத்திரிகையும் தேவைப்பட்டன.

தண்டனையின் கனமும் எல்லோருக்கும் ஒன்றல்ல. உள்ளூர்க்காரப் பையனுக்கு விடுதியிலிருந்து நீக்கம் என்றால் பேருந்தில் வந்துபோகவேண்டும், அவ்வளவுதான். தருமபுரியின் மலைக்கிராமம் ஒன்றிலிருந்து சென்னைக்கு வந்து அரசு விடுதியில் தங்கிப் படிக்கும் பெண்ணுக்கு அது படிப்பின் முடிவு. ஐதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்தில் ஐந்து தலித் ஆய்வு மாணவர்களுக்கு 2015 இறுதியில் விடுதியிலும் வளாகப் பொது இடங்களிலும் நுழையத் தடை விதிக்கப்பட்டது. அதற்கு முன் குழு மாறியது, முடிவு மாறியது, மறுபடி குழு அமைந்தது. ஐவரில் ஒருவரான ரோகித் வெமுலா 2016 ஜனவரி 17 அன்று உயிரை மாய்த்துக்கொண்டார். காகிதத்தில் அந்தத் தடை, படிப்பைத் தொடரலாம் என்று சொன்ன, மிதமான தண்டனை.

இவ்வளவும் பதிவில் வந்த தண்டனைகள். பதிவில் வராதவை எண்ணிக்கையில் அதிகம் என்பதைக் கல்லூரிகளை அறிந்த எவரும் மறுக்கமாட்டார்கள். முதலில் டி.சி. எனப்படும் மாற்றுச் சான்றிதழ். நிர்வாகம் யாரையும் நீக்குவதில்லை. பெற்றோரை அழைத்து, பையனுடைய எதிர்காலத்தைக் கெடுக்க விரும்பவில்லை, நீங்களே டி.சி. வாங்கிக்கொண்டு போய்விடுங்கள் என்று சொல்கிறது. நீக்கம் என்று எழுதினால் மாற்றுச் சான்றிதழில் 'நடத்தை' என்ற கட்டத்துக்கு எதிரே 'நன்று' என்று போடமுடியாது என்பது அதனுள் இருக்கும் மிரட்டல். தகப்பன் விண்ணப்பம் எழுதித் தருகிறார். பதிவேட்டின்படி அந்த மாணவர் சொந்த விருப்பத்தின் பேரில் விலகியவர். எதிர்த்து வழக்குப் போட ஓர் உத்தரவே கையில் இல்லை. மூலச் சான்றிதழ்களைக் கல்லூரி பிடித்துவைக்கக் கூடாது என்று 2018இல் யு.ஜி.சி. தெளிவாகச் சொல்லிவிட்டது. ஆனாலும் மீதி ஆண்டுகளின் கட்டணத்தைக் கட்டிவிட்டு வாங்கிப்போ என்ற பேச்சு ஓயவில்லை.

அடுத்தது இன்டர்னல். கலை, அறிவியல் கல்லூரிகள் பலவற்றில் ஒரு பாடத்தின் நூறு மதிப்பெண்ணில் இருபத்தைந்து அகமதிப்பீடு. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 பாடத்திட்டத்தில் எழுத்துப் பாடங்களுக்கே நாற்பது. யார் மீது புகார் எழுந்ததோ அவரே புகார் கொடுத்தவருக்கு மதிப்பெண் போடும் நிலை இதனால் உண்டாகிறது. 'இன்டர்னல்ல கைவச்சிடுவாங்க' என்ற ஒரு வாக்கியம் எந்த ஒழுங்குக் குழுவையும்விட அதிகமாக மாணவர்களை அடக்கிவைத்திருக்கிறது. ஆசிரியர்களில் பெரும்பாலோர் அப்படிச் செய்யாதவர்கள் என்பதை நான் அறிவேன். செய்யமுடியும் என்ற நிலை இருப்பதே போதும்.

ஆசிரியரோடு ஒப்பிட்டால் மாணவரின் வெறுங்கை இன்னும் தெளிவாகத் தெரியும். தமிழ்நாடு தனியார் கல்லூரிகள் ஒழுங்குமுறைச் சட்டம் 1976இல் வந்தது. தனியார் கல்லூரி ஆசிரியர் ஒருவரைப் பணிநீக்கம் செய்ய உரிய அரசு அதிகாரியின் முன் அனுமதி தேவை என்று அது சொல்கிறது. நிர்வாகத்தின் தன்னிச்சையிலிருந்து ஆசிரியரைக் காப்பாற்ற ஆசிரியர் இயக்கங்கள் போராடிப் பெற்ற பாதுகாப்பு. அதே நிர்வாகம் அதே கட்டடத்தில் ஒரு மாணவரை நீக்குவதற்கு யாருடைய அனுமதியும் வேண்டியதில்லை.

மொழியைப் பற்றியும் சொல்லியாகவேண்டும். அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படும் இடைநீக்க ஆணையும் விளக்கம் கேட்டு அனுப்பும் ஷோ காஸ் நோட்டீஸும் பெரும்பாலான கல்லூரிகளில் ஆங்கிலத்தில்தான் இருக்கின்றன. தமிழ்வழியில் படித்து வந்த முதல் தலைமுறை மாணவர் அதை நண்பனிடம் கொடுத்துப் பொருள் கேட்டு, பதிலையும் ஆங்கிலத்தில் யாரிடமாவது எழுதி வாங்குகிறார். செங்கல் சூளையில் அரை நாள் கூலியை விட்டுவிட்டு வந்த தாய், துறைத்தலைவர் அறைக்கு வெளியே நின்று, உள்ளே என்ன பேசுகிறார்கள் என்று தெரியாமலே கையெழுத்துப் போடுகிறார். குற்றச்சாட்டைத் தெரிவித்தல் என்று 1962 முதல் நீதிமன்றங்கள் சொல்லிவருவது இந்தத் தாய்க்கு நடக்கவில்லை.

2023 ஏப்ரலில் யு.ஜி.சி. கொண்டுவந்த மாணவர் குறைதீர்ப்பு விதிமுறை ஓரளவு கதவைத் திறந்திருக்கிறது. ஒவ்வொரு கல்லூரியிலும் குறைதீர்க்கும் குழு, அதில் சிறப்பு அழைப்பாளராக ஒரு மாணவர், பதினைந்து வேலை நாளுக்குள் அறிக்கை, அதற்கும் மேல் பல்கலைக்கழக அளவில் குறைதீர்ப்பாளர். நல்ல ஏற்பாடுதான். ஆனால் குறை என்று ஒன்று எழுத்தில் வந்தால்தான் இது இயங்கும். மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுத்தவர், பின்பு எந்த முகத்தோடு குறை சொல்வார்? அவருடைய கையெழுத்தே அவருக்கு எதிராக நிற்கிறது.

எனவே திருத்தம் அந்தத் தாளிலிருந்துதான் தொடங்கவேண்டும். விசாரணை முடிந்து தவறு நிரூபணம் ஆகும்வரை எந்த மாணவரிடமும் மன்னிப்போ உறுதிமொழியோ எழுதி வாங்கக் கூடாது என்று பல்கலைக்கழகங்கள் இணைப்புக் கல்லூரிகளுக்கு ஆணையிடலாம். முதல் தாள் கல்லூரியிடமிருந்து வரட்டும்: என்ன புகார், எந்த விதியை மீறியது, எப்போது பதில் தரவேண்டும் என்று தமிழில் எழுதப்பட்ட ஒரு பக்கம். புகார் கொடுத்த ஆசிரியர் விசாரிப்பவராக உட்காரக் கூடாது. மாணவர் தனக்கு வேண்டிய ஓர் ஆசிரியரையோ சக மாணவரையோ உடன் அழைத்துவர அனுமதிக்கவேண்டும். டி.சி. கேட்டு வரும் விண்ணப்பங்களில், அதற்கு முந்திய மூன்று மாதத்துக்குள் ஒழுங்குப் பிரச்சினை ஏதாவது எழுந்திருந்தால், பல்கலைக்கழகத்தின் மாணவர் நலத் தலைவர் மாணவரிடம் நேரில் பேசிய பிறகே அது வழங்கப்படவேண்டும். இதற்கெல்லாம் சட்டமன்றம் கூட வேண்டியதில்லை. ஆட்சிக்குழுவின் ஒரு தீர்மானம் போதும்.

கோப்புகளுக்கும் ஒரு காலவரம்பு வேண்டும். அலபாமாவின் அந்த ஒன்பது பேரின் வெளியேற்றப் பதிவு அதிகாரபூர்வமாக அழிக்கப்பட்டது 2018இல், ஐம்பத்தெட்டு ஆண்டுகள் கழித்து. பத்தொன்பது வயதில் வகுப்பறையில் எதிர்த்துப் பேசியதற்காக எழுதப்பட்ட ஒரு குறிப்பு, படிப்பு முடிந்த பிறகும் துறை அலமாரியில் இருக்கவேண்டிய காரணம் எதுவும் இல்லை. குற்ற வழக்கு ஆகாத எந்த ஒழுங்குக் குறிப்பும் பட்டம் பெறும் நாளோடு அழிக்கப்படும் என்று கையேட்டில், அந்தக் களங்க விதி இருக்கும் இடத்திலேயே, அச்சிடலாம்.